கணினிக்கு எது, கைக்கு எது?

குழந்தைகளின் கல்வியில் கணினியும் கைவினையும் இரண்டு விதமாகச் சேர்கின்றன. ஒன்றைத் திரையில் திட்டமிட்டு, அதைத் தாளிலோ துணியிலோ மரத்திலோ கையால் செய்து முடிப்பது ஒரு வகை. கையால் செய்த பொருளுக்குள் சிறு கணினி ஒன்றைப் பொருத்தி, அதை அசையவும் ஒளிரவும் வைப்பது இன்னொரு வகை. முதல் வகையில் கணினி வரைபலகை. இரண்டாவதில் அது துணி, பசை, கம்பியைப் போல ஒரு மூலப்பொருள். எதுவானாலும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வேலையில் எந்தப் பங்கைக் கணினிக்கு விடுவது, எதைக் கைக்கு விடுவது என்பதைத்தான். கருவியின் விலையைவிட இந்தப் பங்கீடுதான் குழந்தை என்ன கற்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

கைவழிக் கல்வி என்பது கணினிக்கு மிகவும் மூத்தது. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் 1837இல் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் தொடங்கிய பள்ளியே பின்னர் கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. அங்கே மரக்கட்டைகளும் தாள் மடிப்பும் நெசவும்தான் பாடம். ஃபுரோபல் இளமையில் பெர்லினில் படிகவியல் அறிஞர் ஒருவரிடம் கனிமங்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தவர். அவருடைய கட்டைகளில் கனசதுரமும் உருளையும் இடம்பெற்றது தற்செயல் அல்ல என்று சொல்ல இடமுண்டு.

கணினி இதில் நுழைந்தது 1967இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபோர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதை லெக்சிங்டன் ஊரிலுள்ள ஒரு பள்ளியில் கணக்குப் பாடத்துக்குப் பதிலாக ஓராண்டு நடத்திப் பார்த்தார்கள். அங்கே கணக்கு வகுப்புக்குப் போகும் வழியில் ஓவிய அறை இருந்தது. அதில் பிள்ளைகள் சோப்புக் கட்டியைச் செதுக்கி உருவங்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே உருவத்தில் வாரக்கணக்கில் வேலை நடந்தது. யோசிக்கவும், அடுத்தவர் செய்வதைப் பார்க்கவும், மனம் மாறித் திருத்தவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. பக்கத்து அறையில் கணக்கோ, கொடுத்த நிமிடத்தில் விடை வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கணக்கையும் சோப்புச் சிற்பம் போலச் செய்ய முடியாதா என்று பேப்பர்ட் கேட்டுக்கொண்டார். இந்தத் துறை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைத்தது என்றால் மிகையாகாது.

லோகோவின் ஆமை முதலில் திரையில் ஓடவில்லை; தரையில் ஓடும் சிறு இயந்திரமாகவே வந்தது. அதன் வயிற்றில் ஒரு பேனா இருந்தது. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளையிட்டால் தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் 60 பாகை திரும்பச் சொல்வார்கள், முக்கோணத்தின் உட்கோணம் அதுதான் என்று படித்திருப்பதால். ஆமை முக்கோணத்தை விட்டுவிட்டு அறுகோணத்தை நோக்கிப் போகும். குழந்தையே எழுந்து தரையில் முக்கோணமாக நடந்து பார்த்தால் காரணம் பிடிபடும். மூலையில் உடம்பு திரும்புவது வெளிக்கோணம் அளவுக்கு, அதாவது 120 பாகை. மூன்று மூலைக்கும் சேர்த்து 360. ஒரு முழுச் சுற்று. கால் கண்டுபிடித்த இந்த விடை பிறகு எந்தப் பலகோணத்துக்கும் பொருந்துகிறது.

1980களில் எம்ஐடி மீடியா லேப்பில் மிட்செல் ரெஸ்னிக்கும் உடனிருந்தவர்களும் லோகோவை லெகோ கட்டைகளோடும் மோட்டார்களோடும் இணைத்தார்கள். 1990களில் அது 9 வோல்ட் பேட்டரி அளவே உள்ள கிரிக்கெட் என்ற குட்டிக் கணினியாகச் சுருங்கியது. அதை வைத்து 11 வயதுச் சிறுமி ஒருத்தி பறவைகளுக்குத் தீனிப்பெட்டி செய்தாள். பறவை வந்து உட்கார்ந்ததும் ஒரு தொடுஉணரி அழுந்தும்; லெகோ பொறி ஒன்று கேமராவின் பொத்தானை அழுத்தும்; படம் பதிவாகும். இப்படி ஒன்றைச் செய்யும்போது, கடையில் வாங்கிய கருவியில் கண்ணுக்கே படாத கேள்விகள் வரிசையாக வருகின்றன. சிட்டு எவ்வளவு எடை இருக்கும்? அந்த எடைக்கு உணரி அசையுமா? உட்கார்ந்த பறவை தத்தித் தத்தி ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு படம் எடுத்துத் தள்ளுமா? முதல் இரண்டும் தச்சு வேலை, மூன்றாவது நிரல். குழந்தைக்கு அந்தப் பிரிவினை தெரிய வேண்டியதில்லை; பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

பங்கீட்டுக் கேள்வியை மிகத் தெளிவாகக் காட்டிய முயற்சி கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. மைக்கேல் ஐசன்பர்க்கும் ஆன் ஐசன்பர்க்கும் 1990களில் ஹைப்பர்காமி என்ற மென்பொருளை எழுதினார்கள். அதில் ஒரு கனவடிவத்தை எடுத்து, மூலையை வெட்டலாம், இழுத்து நீட்டலாம், ஒரு முகத்தின்மேல் பட்டைக்கூம்பு ஏற்றலாம். முடித்ததும் கணினி அதைத் தட்டையாக விரித்து ஒரு வரைபடம் தரும். வண்ணம் தீட்டி அச்சிட்டு, கத்தரித்து, மடித்து, ஒட்டினால் கையில் ஒரு தாள் சிற்பம்.

கனசதுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதைத் தட்டையாக விரிக்க 11 வழிகள் உண்டு. அவற்றைப் பொறுமையுள்ள சிறுவன் கையாலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் எட்டு மூலைகளையும் கொஞ்சம் சீவிவிட்டால் 14 முகங்கள், 36 விளிம்புகள், 24 உச்சிகள் உள்ள வடிவம் வந்துவிடும். ஆறு சதுரங்களும் எண்கோணங்களாகும். சீவிய இடங்களில் எட்டு முக்கோணங்கள். இதன் விரிப்பை அளவு பிசகாமல் ஸ்கேலும் கவராயமும் கொண்டு போடுவது பெரியவர்களுக்கே சலிப்பூட்டும் வேலை. அதைக் கணினி எடுத்துக்கொள்கிறது. சீவலை விளிம்பின் நடுப்புள்ளி வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்கும் தைரியம் அதனால்தான் குழந்தைக்கு வருகிறது. அப்போது எண்கோணங்கள் மீண்டும் சதுரங்களாகிவிடும். முகங்கள் அதே 14, உச்சிகளோ 12ஆகக் குறையும்.

கைக்கு விட்ட பங்கு கத்தரிப்பதும் மடிப்பதும். அச்சிட்ட தாளில், மடிக்க வேண்டிய கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கீறல் போட வேண்டும். இல்லாவிட்டால் தாள் கோட்டை விட்டு விலகி மடியும். கடைசி முகம் சேராமல் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். கடைசி முகத்தை ஒட்டுவதும் லேசல்ல, உள்ளிருந்து விரலால் அழுத்த முடியாது. எந்த முகத்தைக் கடைசியாக விடுவது என்று முதல் மடிப்புக்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மடிப்பில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தட்டையாக மேசையில் வைத்துக் கனசதுரத்தின் ஓர் உச்சியைச் சுற்றிப் பார்த்தால் மூன்று செங்கோணங்கள், மொத்தம் 270 பாகை. முழு வட்டத்துக்கு 90 குறைகிறது. அந்த இடைவெளியை இழுத்து மூடுவதால்தான் தாள் மேலெழுந்து மூலையாகிறது. எட்டு மூலைக்கும் சேர்த்துக் குறை 720. சீவிய கனசதுரத்தில் ஓர் உச்சியைச் சுற்றி இரண்டு எண்கோண மூலைகளும் ஒரு முக்கோண மூலையும்: 135, 135, 60. கூட்டினால் 330, குறை 30 மட்டும். ஆனால் உச்சிகள் 24 ஆகிவிட்டன. பெருக்கினால் மீண்டும் 720. நடுப்புள்ளி வரை சீவியதில் குறை 60, உச்சிகள் 12, அதுவும் 720. குழிவும் துளையும் இல்லாத எந்தத் திண்மத்திலும் இந்த எண் மாறாது; 17ஆம் நூற்றாண்டில் தெகார்த் கண்ட தேற்றம் இது. மூலை கூர்மையாக இருந்தால் இடைவெளி அகலம், மழுங்கலாக இருந்தால் குறுகல் என்பதைக் கத்தரி பிடித்த கை முன்பே அறிந்துவைத்திருக்கும்.

திண்மங்களை இப்படி விரித்துக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். 1525இல் அவர் வெளியிட்ட அளவியல் நூலில் பல விரிப்புகள் உள்ளன. குழிவில்லாத எந்தத் திண்மத்தையும் அதன் விளிம்புகள் வழியே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி விரித்துவிட முடியுமா என்ற கேள்விக்கு இன்னும் நிரூபணம் இல்லை. பள்ளிச் சிறுமி கத்தரிக்கோலோடு உட்கார்ந்து செய்யும் வேலையின் விளிம்பிலேயே கணிதவியலாளர்கள் தீர்க்காத கேள்வி ஒன்று நிற்கிறது. பாடநூல்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை.

மைக்கேல் ஐசன்பர்க்கின் மாணவி லியா பீக்லி தாளிலிருந்து துணிக்குப் போனார். அவர் வடிவமைத்த லிலிபேட் ஆர்டுயினோ 2007இல் விற்பனைக்கு வந்தது. சுமார் 5 செ.மீ. குறுக்களவுள்ள வட்டமான சர்க்யூட் பலகை; ஓரமெங்கும் பூவிதழ் போல விரிந்த காதுகள், ஒவ்வொன்றிலும் ஊசி நுழையும் துளை. கம்பிக்குப் பதில் வெள்ளி பூசிய அல்லது எஃகு இழை கொண்ட மின்கடத்தும் நூல். ஈயப் பற்றுக்குப் பதில் தையல். சட்டையிலோ தொப்பியிலோ எல்இடி விளக்குகளைத் தைத்து, எது எப்போது ஒளிர வேண்டும் என்று நிரல் எழுதலாம்.

நெசவும் தையலும் கணினிக்கு அந்நியம் அல்ல. 1804இல் ஜக்கார் தறி துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்தது. அந்த அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் நிரல்களைத் தொழிற்சாலைப் பெண்கள் கம்பியால் கோத்தார்கள். காந்த வளையத்தின் ஊடாகக் கம்பி போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0.

துணியில் விளக்கு எரியவைக்கும் மின்துணிப் பாடம் பெரும்பாலும் எரியாத விளக்கில்தான் தொடங்குகிறது. 3 வோல்ட் பட்டன் பேட்டரி, இரண்டு எல்இடி. குழந்தைக்கு இயல்பாகத் தோன்றுவது நூலை ஒரே ஓட்டமாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தைத்துக்கொண்டு போவது. அது தொடர் இணைப்பு. சிவப்பு விளக்கு ஒன்றுக்கே சுமார் 2 வோல்ட் வேண்டும், இரண்டுக்கு 4. பேட்டரியில் இருப்பதோ 3. இரண்டும் இருட்டு. பிரித்துவிட்டு, நேர்முனைக்கு ஒரு தையல் வரிசையும் எதிர்முனைக்கு ஒரு வரிசையுமாகப் பக்க இணைப்பாகத் தைத்தால் எரியும். அப்படித் தைத்த பிறகு சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு நீல விளக்கைச் சேர்த்தால் சிவப்பு மட்டும் எரிந்து, நீலம் மங்கிக் கிடக்கும் அல்லது எரியவே எரியாது. பழுதான விளக்கு என்று குழந்தை அதைத் தூக்கிப்போடப் பார்க்கும். நீலத்துக்கு 3 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும். சிவப்போ குறைந்த அழுத்தத்திலேயே மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு பேட்டரியின் அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுகிறது.

இவை மின்சாரத்தின் பிழைகள். தையலின் பிழைகள் வேறு. துணிக்கு அடியில் முடிச்சுப் போட்டபின் வாலை ஒட்ட நறுக்காமல் விட்டால் அது அடுத்த வரிசையைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். காதில் நூலை ஒரு சுற்றோடு நிறுத்தினால் துணி அசையும்போது விளக்கு மினுக்கும். மூன்று சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும். இதற்கு மேல் நிரலின் பிழைகள்: விளக்கு தைத்திருப்பது 5ஆம் காதில், நிரல் 6ஆம் காதுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும். எரியாத ஒரே விளக்குக்கு மூன்று உலகங்களிலிருந்து காரணம் வரலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் நூலின் இரு நுனிகளில் வைத்து ஒலி வருகிறதா என்று பார்ப்பது, விளக்கை மட்டும் தனியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்ப்பது, நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்ப்பது என ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக்கொண்டே வருவதைத் திரையில் மட்டும் நிரல் எழுதும் குழந்தை இந்த அளவுக்குப் பழகுவதில்லை. அங்கே தவறு எப்போதும் எழுத்தில்தான் இருக்கும்.

லிலிபேட்டால் நடந்த இன்னொரு மாற்றம் யார் செய்கிறார்கள் என்பதில். மக்கள் தாங்களே செய்து இணையத்தில் வெளியிட்ட திட்டங்களைப் பீக்லியும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழக்கமான ஆர்டுயினோ பலகையைக் கொண்டு செய்தவர்களில் பெண்கள் 2 விழுக்காடு அளவே. லிலிபேட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். உள்ளே இருக்கும் சில்லு ஒரே குடும்பம், எழுதும் மொழியும் ஒன்றே. மாறியது ஊசியும் நூலும் மட்டுமே.

பங்கீடு கெடுவதற்கும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லேசர் வெட்டு இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் பள்ளிகளுக்குள் வந்தபின் கல்வி ஆய்வாளர் பாவ்லோ பிளிக்ஸ்டைன் ஒரு கோளாறைக் கவனித்து, அதற்குச் சாவிக்கொத்து நோய் என்று பெயரிட்டார். பெயரைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் கடையில் வாங்கியது போன்ற பளபளப்பான சாவிக்கொத்து வெளியே வருகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். குழந்தை இன்னொன்று செய்கிறது, அப்புறம் இன்னொன்று. கடினமான எதையும் தொடுவதில்லை. பொருள் அழகாகத்தான் இருக்கிறது. அதில் குழந்தையின் பங்கு அதன் பெயர் மட்டும்.

இதுபோன்ற தானியங்கி இயந்திரத்தை வேறு விதமாகப் பயன்படுத்தவும் முடியும் என்பதற்கு ஆஸ்திரியாவில் உருவான டர்டில்ஸ்டிட்ச் என்ற மென்பொருள் சாட்சி. லோகோ ஆமையின் வழித்தோன்றல் அது. ஆமையின் பேனா இருந்த இடத்தில் எம்ப்ராய்டரி இயந்திரத்தின் ஊசி இருக்கிறது. தைப்பது இயந்திரம்தான். ஆனால் வடிவம் முழுவதும் நிரலிலிருந்து வர வேண்டும், துணியும் தன் பங்குக்குப் பேசும். நூறு கோடுகள் ஒரே மையத்தில் சந்திக்கும் நட்சத்திரம் திரையில் அழகாக இருக்கும். துணியில் அந்த மையத்தை ஊசி நூறு முறை குத்தும். துணி கிழியும், அல்லது நூல் அடைத்துக்கொண்டு ஊசி உடையும். மையத்துக்குக் கொஞ்சம் முன்பே கோடுகளை நிறுத்தும்படி நிரலைத் திருத்த வேண்டிவருகிறது.

தமிழ் வீட்டு வாசலில் உள்ள கைவினை ஒன்றுக்குக் கணினியியலில் ஏற்கெனவே இடம் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பட இலக்கணமாக விளக்கும் ஆய்வை வெளியிட்டார்கள். சொற்களை அடுக்கி வாக்கியம் அமைக்க விதிகள் இருப்பது போல, புள்ளியையும் வளைவையும் அடுக்கிக் கோலம் விரிய விதிகள் எழுத முடியும் என்று அது காட்டியது. 

பள்ளிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள எளிய பகுதி சிக்குக் கோலம். வரிசைக்கு 3 புள்ளி, 4 வரிசை என்று நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே கோடு ஒன்றையொன்று வெட்டும்படி, ஓரத்தில் வளைத்துத் திருப்பி இழுத்துக்கொண்டே போனால், கையெடுக்காமல் ஒரே இழையில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி முடிக்கலாம். 4க்கு 4 வைத்தால் முடியாது. கோடு பாதியிலேயே தொடங்கிய இடத்தில் வந்து மூடிக்கொள்ளும்; மீதிப் புள்ளிகளுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டும்; மொத்தம் 4 இழைகள். 4க்கு 6 என்றால் 2. 6க்கு 9 என்றால் 3. எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் விடை தெரியும்: இழைகளின் எண்ணிக்கை இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஊடுபுள்ளிக் கோலத்துக்கு இந்த விதி பொருந்தாது. இங்கே வேலையின் வரிசை ஹைப்பர்காமிக்கு நேர்மாறு. முதலில் கை; சாக்கட்டியாலோ மாவாலோ நாலைந்து கோலம் போட்டுச் சந்தேகம் பிறந்தபின் கணினி. 20க்கு 30 புள்ளியைக் கையால் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இராது. ஓரத்தில் பட்டுத் திரும்பும் கோட்டைப் பின்தொடரும் சிறு நிரல் எழுதினால் 10 என்ற விடை நொடியில் வரும். கணக்குப் பாடத்தில் வெறும் வகுத்தலாக வரும் ஒன்றைக் கை ஏற்கெனவே கோட்டில் சந்தித்திருக்கிறது.

பள்ளியில் கைத்தொழில் என்றதும் தமிழகத்தில் ஒரு பழைய காயம் நினைவுக்கு வருவதையும் சொல்லியாக வேண்டும். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு போன்ற தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதன் வழியே கற்பிக்க முயன்றது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமோ, பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் கைவிடப்பட்டது. கைவினையைப் பாடமாக்கும் எவரும் இந்த வரலாற்றை மறக்க முடியாது. யார் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று பிறப்பை வைத்துப் பிரிப்பதும், எல்லாப் பிள்ளைகளும் ஊசியும் பிடித்து நிரலும் எழுதுவதும் எதிரெதிர். தையலைப் பெண்களுக்கென்றும் கணினியைப் பையன்களுக்கென்றும் பிரித்துவைக்கும் பள்ளியில் மின்துணிப் பாடம் பாதிதான் நடக்கும்.

செலவுக் கணக்கில் தாள் மின்சுற்றுதான் மலிவு. ஒட்டும் செம்புப் பட்டை, ஓர் எல்இடி, ஒரு பட்டன் பேட்டரி, ஓர் அட்டை; பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் விளக்கு எரிந்துவிடும். திருப்பத்தில் பட்டையை அறுத்து இரு துண்டாக ஒட்டுவதைவிட மடித்துத் திருப்புவது நல்லது; பல பட்டைகளில் அடிப்பக்கப் பசை சரியாகக் கடத்துவதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாலைந்து கணினி மட்டும் இருந்தாலும் தாள் சிற்ப வேலை தடைப்படாது, வெட்டுவதும் ஒட்டுவதும் மேசையில் நடக்கும்போது கணினி மாறி மாறிக் கைமாறலாம். மின்துணிக்கு நேரம் அதிகம் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் நூல் கோத்து, காதில் இறுக்கி, மூன்று விளக்குத் தைப்பதற்குள் மணி அடித்துவிடும்; தொடர்ந்து இரண்டு பாடவேளை ஒதுக்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

பட்டன் பேட்டரி விஷயத்தில் மட்டும் எந்தத் தளர்வும் ஆகாது. சிறு குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், சுற்றியுள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாடம் தொடங்கும்போது எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கி, பழையவற்றின் இருபக்கமும் செல்லோடேப் ஒட்டித் தனி டப்பாவில் போட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பொருளில் பேட்டரியைக் கழற்றிவிட்டே அனுப்ப வேண்டும்.